முதுகுக்குப் பின்னால் விடிந்தது

கடல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சூரியன் உதிக்கும் என்று இருபத்தெட்டு வயது வரை நம்பியிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதைக் காரணமாகச் சொல்ல முடியாது. கிழக்கு மேற்கெல்லாம் அதற்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்த கடல் அப்படி. பதினேழு வயதில் பெங்களூரிலிருந்து டிக்கெட் இல்லாமல் ரயிலேறிச் சென்னைக்குப் போய், காசிமேட்டில் ஏழு மாதம் ஐஸ் உடைத்தேன். விடியும்போது விரல்கள் மடங்காது. படகுகளுக்குப் பின்னால் தண்ணீரிலிருந்து சிவப்பாக ஒன்று ஏறிவரும். அந்த வெயில் பட்ட பிறகுதான் டீ கிளாஸைப் பிடிக்க முடியும். அதனால் கடல் என்றால் எனக்குக் காலை வெயில்.

அதற்கப்புறம் பல வேலைகள். லாரி கிளீனராக இருந்தபோது ஓடு ஏற்றுவதற்காக மங்களூர் பக்கம் நான்கைந்து முறை போயிருக்கிறேன். எல்லாம் ராத்திரி ஓட்டம். இருட்டில் இடது பக்கமோ வலது பக்கமோ ஒரு இரைச்சல் கூடவே வரும். அதுதான் கடல் என்று டிரைவர் சொல்வார். மேற்குக் கரையைப் பற்றி எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு சின்ன டிராவல்ஸில் டிரைவராக இருந்தேன். ஒரு மேஜை, ஒரு போன், இரண்டு கார். ஒரு ஜனவரி மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"உடுப்பி சைடு கடற்கரை எல்லாம் தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்." வேலை விஷயத்தில் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"பார்ட்டிக்குத் தனியா கைடு வேணுமாம். ஒரு நாள் பூரா கூடவே இருந்து காட்டணும். கைடு மாதிரி பேசுவியா?"

"பேசுவேன் சார்."

"மூச்சு விடாம பேசுவே, அது எனக்குத் தெரியும். விஷயத்தோட பேசுவியான்னு கேக்கறேன்."

பார்ட்டி என்றது வயதான ஒரு கணவன் மனைவியை. அவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்த அம்மா, தேவாலயத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து, உடம்புக்கு முடியாமல் நடுவில் விட்டவர். இருவரும் ஆபீசுக்கு வந்திருந்தார்கள். கணவரை நானும் சார் என்றுதான் கூப்பிட்டேன்; சார் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். முதல் நாள் பயணம், உடுப்பியில் லாட்ஜ். மறுநாள் விடிகாலை கடற்கரை, சூரியோதயம், பத்து மணிக்கு லாட்ஜுக்குத் திரும்பி ஓய்வு. எல்லாம் அச்சடித்த மாதிரி எழுதியிருந்தார்.

"கார் நாள் பூரா இருக்கு சார். பத்து மணிக்கே ஏன்?" என்றார் முதலாளி.

"போதும். சன்ரைஸ் நல்லா தெரியுமா அங்க?"

"கடல்லேர்ந்து அப்படியே எழும்பும் சார். உங்க கண்ணுக்கு முன்னால," என்றேன் நான்.

"வேளாங்கண்ணியில பாத்தோமே, அந்த மாதிரி," என்றார் சார். முதலாளியும் தலையாட்டினார். மூன்று ஆண்பிள்ளைகள் கூடி மேற்குக் கடலில் சூரியனை உதிக்க வைத்துவிட்டோம். பெங்களூர்த் தமிழர்கள் கடலுக்குப் போனால் சென்னைக்குப் போவார்கள், இல்லையென்றால் வேளாங்கண்ணிக்கு. வேறொரு கடல் வேறு மாதிரி இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சர் மட்டும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லாமல் புடவைத் தலைப்பை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் எனக்குத் தெரிந்தது மறுவாரம், மலைப்பாதையில் வண்டி சூடாகி நின்றபோது. டீச்சர் காரிலேயே இருந்தார். சார் என்னைப் பத்தடி தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார். குடலில் ஆபரேஷன். வயிற்றில் ஒரு துவாரம் வைத்து அதன்மேல் ஒரு பையை ஒட்டியிருக்கிறார்கள். போகவேண்டியதெல்லாம் அதில்தான் போகும். அது நம் கட்டுப்பாட்டில் இல்லை. நிரம்பினால் உடனே காலி செய்து கழுவ வேண்டும். போன வருஷம் சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பை கசிந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து டீச்சர் வெளியே வருவதில்லை. ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் கடைசி பெஞ்ச், அவ்வளவுதான்.

"எங்கயாவது போகணும்னா மொத நாளே சாப்பாட்ட நிறுத்திடுவா. தண்ணி கூட அளவுதான். நேத்து மத்தியானம் ரெண்டு வாய் மோர்சாதம் தின்னது. அதான் பத்து மணின்னு எழுதினேன். அதுக்கு மேல தாங்காது."

"வேளாங்கண்ணிக்கே போயிருக்கலாமே சார், தெரிஞ்ச ஊரு?"

"அங்க போனா வேண்டிக்கணும்னு சொல்றா. வேண்டினது போதுமாம். ஒருதரம் சும்மா பாக்கணுமாம்."

டீச்சர் கண்ணாடிக்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறோம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் இருட்டோடு கிளம்பி, உடுப்பிக்குத் தெற்கே காப்பு என்ற ஊரின் கடற்கரைக்குப் போனோம். பாறைமேல் கலங்கரை விளக்கம் இருக்கும் இடம். மணலில் ஒரு பெட்ஷீட் விரித்து, டீச்சரைக் கடலைப் பார்த்து உட்கார வைத்தேன். நான் எதிரே நின்று, கைடு மாதிரி, "இப்ப பாருங்க, அந்தக் கோட்டுக்கிட்ட சிவக்கும்," என்றேன். கோடு சிவக்கவில்லை. ஆனால் மணல் வெளுத்துக்கொண்டே வந்தது.

"ஏம்ப்பா, வெளிச்சம் பின்னாலேர்ந்து வர்ற மாதிரி கீதே?" என்றார் சார்.

"மேகத்துல பட்டுத் திரும்பி வருது சார்."

இன்னும் கொஞ்ச நேரத்தில் என் கண் கூசியது. தென்னந்தோப்புக்கு மேலே சூரியன் முழு உருண்டையாக ஏறி நின்றது. அவர்கள் இரண்டு பேருடைய நிழலும் நீளமாக என்னைத் தாண்டிக் கடல் பக்கம் விழுந்துகிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சார் எழுந்து தோப்பைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாய்யா கைடு நீ? சூரியன் எந்தப் பக்கம் வரும்னு தெரியாதவன்லாம் கைடா? இதுக்கா இந்த ஒடம்ப வச்சுகினு நானூறு கிலோமீட்டர் வந்தோம்?"

வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அது பெரிய விஷயமில்லை, பலமுறை போயிருக்கிறது. ஆனால் ஒன்றரை நாள் பட்டினி கிடந்து வந்த ஒருவரை ஏமாற்றியது அதுதான் முதல் தடவை.

அப்போது டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சிரிக்காதம்மா, பை விட்டுக்கும்," என்றார் சார் பதறி.

"அப்ப சாயங்காலம் இந்தக் கடல்லதான் எறங்கும், இல்லப்பா?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

இந்தத் தடவை நான் யோசித்து, தோப்பையும் கடலையும் இரண்டு முறை பார்த்த பிறகே, "ஆமாம் டீச்சர்," என்றேன்.

"பத்து மணிக்கு லாட்ஜுக்குப் போறோம்," என்றார் சார்.

"சூரியனப் பாக்கத்தானே வந்தோம்?"

"பாத்தாச்சு இல்ல?"

"முதுகால பாத்ததெல்லாம் ஒரு பார்வையா? சாயங்காலம் வரைக்கும் இருக்கலாங்க."

"பன்னெண்டு மணி நேரம்மா! எங்க போவே, இன்னா பண்ணுவே? எதாவது ஆச்சுன்னா?"

டீச்சர் காலை நீட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குள் ஒரு வருஷம் இருந்தவருக்கு ஒரு பகல் முழுக்க வெளியே இருக்க முடியுமா முடியாதா என்பதுதான் கேள்வி. சூரியன் ஒரு சாக்கு. அதை நான்தான் கெடுத்தேன் என்பதால் நானே வாயைத் திறந்தேன்.

"சார், எடம் நான் பாத்துத் தரேன். ஆனா டீச்சர் எதாவது சாப்பிடணும். பட்டினி எனக்குத் தெரியும். ரெண்டு நாள் தாண்டினா கடலெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, கால் வைக்கிற தரை மட்டும்தான் தெரியும்."

சார் என்னை நம்பவில்லை. நம்பவும் எந்தக் காரணமும் இல்லை. ஆனால் டீச்சர் எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்துகொண்டு, "மொதல்ல ரெண்டு இட்லி," என்றார்.

எனக்குக் கடற்கரை தெரியாது. கதவுகள் தெரியும். வயசில் பாதியைப் படுக்க இடம் கேட்டு நின்றே கழித்தவன் நான். எந்த வீட்டில் கேட்கலாம், எதில் கேட்கக்கூடாது என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். பெரிய கேட் போட்ட வீடு உதவாது. வாசலில் ஆண்கள் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் வீடும் உதவாது. கொடியில் சின்னப் பிள்ளைகளின் துணி காய்ந்து, கிணற்றடியில் பாத்திரம் கவிழ்த்திருந்தால் அங்கே பெண்கள் விழித்திருக்கிறார்கள், தண்ணீரும் இருக்கிறது என்று அர்த்தம். கேட்பதிலும் ஒரு முறை உண்டு. சுற்றி வளைத்தால் சந்தேகம் வரும். செருப்பைக் கழற்றிவிட்டு, நான்கடி தள்ளி நின்று, கன்னடத்தில் நேராகச் சொன்னேன்: "அக்கா, வண்டியில ஆபரேஷன் ஆன டீச்சர் இருக்காங்க. கக்கூஸ் வேணும், ஒரு வாளி தண்ணி வேணும்."

ஆகவே அன்று நான் காட்டிய கடற்கரை இப்படித்தான் போனது. டீச்சர் முன்சீட்டின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் கிணறு தேடுவேன். சார் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். அதில் மாற்றுப் பை, பஞ்சு, சோப்பு, தண்ணீர் பாட்டில், பழைய வேட்டியைக் கிழித்த துணிகள். வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்குப் பின்னால் எப்படியும் கடல் இருக்கும். அங்கே பத்து நிமிஷம் நிற்போம். முதல் வீட்டுக்காரி எங்களுக்கு இளநீர் வெட்டிக்கொடுத்தாள். இரண்டாவது வீட்டில் ஒரு கன்றுக்குட்டி சாரின் டைரியை நக்கிவிட்டது. "பரவால்ல, அதுல எழுதினபடி இன்னிக்கு ஒண்ணும் நடக்கல," என்றார் டீச்சர். சார் டைரியைத் துடைத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். மறுபடி அதை எடுக்கவில்லை.

மல்பெயைத் தாண்டியதும் மதியம் ஒன்றிருக்கும். இரண்டு தட்டுக் கேட்டது. வண்டி போய்க்கொண்டிருந்த சந்தில் கிணறுள்ள வீடாக எதுவும் இல்லை. ஒரே ஒரு மாடி வீடு. எனக்கே தெரியும், அது திறக்கிற வீடில்லை என்று. இருந்தும் போய்க் கேட்டேன். உள்ளேயிருந்து வந்தவர் காரைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், "இல்ல, போ," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஓடிவந்து வண்டியை எடுத்தேன். அடுத்த வளைவுக்குள் டீச்சர் சொன்னார்.

"மெதுவாவே போப்பா. இனிமே அவசரமில்ல."

குரல் சாதாரணமாக இருந்தது. சார் கார்க் கண்ணாடியை இறக்கவில்லை. வாசனை வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் ஐஸ் உடைத்த இடத்தில் அதைவிட மோசமானதோடு சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். ஆனால் பின்சீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் அதைச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை.

சந்து மணலில் போய் முடிந்தது. கடைசி வீடு மீன்காரர்களுடையது. டீச்சர் வயதுதான் இருக்கும், ஒரு பெண் பாயில் மீனைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிச் செருப்பைக் கழற்றுவதற்குள், பின்கதவைத் திறந்து டீச்சர் தானே இறங்கிவிட்டார். புடவையின் முன்பக்கம் நனைந்து தெரிந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். எழுந்து, கையைத் துடைத்து, டீச்சரின் முழங்கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அவளுக்குத் துளுதான் தெரியும், டீச்சருக்குத் தமிழ். ஒரு வார்த்தை கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

கிணற்றில் வாளி இறங்கும் சத்தம் பத்துப் பதினைந்து தடவை கேட்டது. சார் மீன் பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கோழிகளைத் துரத்தினார். அவருக்கு அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது.

"உம்மேல தப்பில்லப்பா," என்றார் என்னைப் பார்க்காமல். "நான் பயந்தது இதுக்குத்தான். இனிமே ஒரு வருஷம் அவ ரூம விட்டு வெளிய வரமாட்டா, பாரு."

டீச்சர் வந்தார். பெரிய பெரிய சிவப்புப் பூப்போட்ட நைட்டி, தோளில் ஒரு துண்டு. அந்தப் பெண்ணுடையது. டீச்சர் மெலிந்தவர். நைட்டிக்குள்ளே இன்னொருவருக்கும் இடம் இருந்தது.

"இன்னாம்மா இது?" என்றார் சார்.

"நைட்டி."

"அது தெரியுது. ரோட்டுல எப்படி..."

"கடலுக்கு இன்னா, பொடவ கட்டினாதான் உள்ள விடுவாங்களா?"

துவைத்த புடவை வலை காயப்போடும் மூங்கில்களுக்கு நடுவில் காற்றில் படபடத்தது. அது காயும்வரை இருந்தோம். டீச்சர் அந்தப் பெண்ணோடு பாயருகே உட்கார்ந்து மீனைப் புரட்டிப்போட்டார். அவள் துளுவில் ஏதோ சொல்ல, இவர் தமிழில் பதில் சொல்ல, இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். கஞ்சி கொடுத்தபோது மட்டும் டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். காலையில் தின்ற இரண்டு இட்லிதான் இதைச் செய்தது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கிளம்பும்போது நைட்டியை மாற்றப்போனவரை அந்தப் பெண் தடுத்துவிட்டாள். டீச்சர் காரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட அச்சுமுறுக்கு. வழிக்கென்று கொண்டுவந்து தொடாமல் வைத்திருந்தது.

"லாட்ஜுக்குப் போலாம்ப்பா," என்றார் சார் என்னிடம்.

நானும் அதுதான் சரி என்று நினைத்து வண்டியைத் திருப்பினேன்.

"மணி மூணுதான ஆவுது," என்றார் டீச்சர். "எது நடக்கக்கூடாதுன்னு ஒரு வருஷமா பயந்துகினு இருந்தேனோ அது நடந்தாச்சு. ஒரு பொம்பள தண்ணி எறைச்சு ஊத்தினா, அவ்வளவுதான். இன்னும் இன்னா கீது பயப்பட? சூரியன் எறங்குற எடத்துக்குப் போப்பா."

சார் துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் வடக்கே விட்டேன்.

மரவந்தேயில் ரோட்டுக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல். லாரியில் இதே வழியாகப் போயிருக்கிறேன் என்பது அங்கே நின்ற பிறகுதான் தெரிந்தது. அந்த இரைச்சல் இதுதான். டீச்சர் நைட்டியைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நின்றார். பக்கத்தில் குடும்பத்தோடு வந்திருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. சார் காருக்குப் பக்கத்தில் காய்ந்த புடவையை, ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தார்.

சூரியன் கடலுக்கு ஒரு முழம் மேலே இருந்தபோது நான் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்தப் பக்கத்துக் கடலை இதுவரை பகலில் பார்த்ததே இல்லை, முதலாளியிடம் பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும்," என்றார்.

"எப்படி டீச்சர்?"

"பதினெட்டு வருஷம் மூணாங்கிளாசுக்கு மேப்பத் தொங்கவிட்டுக் கிழக்கு இங்க, மேற்கு இங்கன்னு சொல்லிக் குடுத்தவப்பா நான். ஆபீஸ்ல நீங்க மூணு பேரும் பேசினப்பவே தெரியும். காலையில இங்க ஒண்ணும் எழும்பாதுன்னு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் சாரைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலந்தான்னு சொல்லியிருந்தா அவர் வேணவே வேணாம்னு விட்டிருப்பாரு. பத்து மணி வரைக்கும்னுதான் அவருக்குத் தைரியம். விடியக்காலையில நான் ஏமாந்து நின்னா, பாவம்னு சாயங்காலம் வரைக்கும் விடுவாருன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீ மாட்டிக்கினே. அதுக்கு நான்தான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்," என்றார்.

சார் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். சூரியன் தண்ணீரைத் தொட்டு, அடிப்பக்கம் சப்பையாகி, ஒவ்வொரு அங்குலமாக உள்ளே போனது. முழுக்கப் போன பிறகும் டீச்சர் நகரவில்லை. ஒரு அலை வந்து நைட்டியின் விளிம்பை நனைத்தது.

"பசிக்குதுங்க," என்றார் டீச்சர்.

சார் அவரைப் பார்த்தார். வெளியிடத்தில் அந்த வார்த்தையைக் கேட்டு அவருக்கு எவ்வளவு நாளாகியிருக்கும் என்று தெரியவில்லை.

"லாட்ஜுக்குப் போய்..." என்று ஆரம்பித்தார்.

"ஒன்ற மணி நேரம் ஆவும் லாட்ஜுக்கு. வழியில எங்கயாச்சும் தோச. நெய் ஊத்தி."

"வழியில எதாவது..." என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். காலையில் என்னைப் பார்த்த பார்வை இல்லை அது.

"கெணறு வச்ச ஓட்டலா பாக்கறேன் சார்," என்று சொல்லி, டீச்சருக்குப் பின்கதவைத் திறந்துவிட்டேன்.